ஒரு மூடி பிராந்தி

பட்டாவில் பேர் மாற்ற வேண்டுமென்றாலும், முதியோர் பென்ஷன் நின்றுபோனாலும், திருப்போரூரில் நம் தெருக்காரர்கள் மனு எழுத என் கடைக்குத்தான் வருவார்கள். மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கைக்கு இந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்று நீயே கிண்டல் செய்திருக்கிறாய். ஊரார் குறையையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தவன், என் வீட்டுக் குறையை மட்டும் இத்தனை வருடமும் ஒரே சொல்லில் முடித்து வந்தேன். உன் அண்ணன் முரளிக்காக எந்தப் படிவம் நிரப்பினாலும், குறைபாட்டுக்குக் காரணம் என்ன என்று கேட்கிற இடத்தில் 'பிறவி' என்று எழுதுவேன். அதைப் பொய் என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு ஆள் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது, நான் ஒளிந்துகொண்டேன். மகனே, இன்றைக்கு அந்த இடத்தை நிரப்பத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். போனில் பார்க்கிற அவசரத்தோடு பார்க்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேளம்பாக்கத்திலிருந்து தனியாக வந்தாய். தீபா எங்கே என்று உன் அம்மா கேட்டதுதான் தாமதம், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே கொட்டித் தீர்த்துவிட்டாய். அவள் உண்டாகியிருக்கிறாள் என்று பத்து நாள் முன்புதான் இரண்டு பேருமாக வந்து இனிப்பு கொடுத்துவிட்டுப் போயிருந்தீர்கள். இப்போது வேறு கதை சொன்னாய். மாமல்லபுரம் பக்கத்தில் ஏதோ ரிசார்ட்டில் அவள் ஆபீஸ்காரர்கள் பார்ட்டி வைத்தார்களாம். அங்கே இரண்டு கிளாஸ் ஒயின் குடித்தாளாம். வயிற்றில் பிள்ளை இருப்பது அப்போது அவளுக்கே தெரியாதாம். பிறகு எதையோ படித்துப் பயந்துபோய் அவளாகவே உன்னிடம் வந்து அழுதாளாம். நீ என்ன செய்தாய்? படாளத்தில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்குப் பெட்டியோடு அனுப்பிவைத்துவிட்டாய். அனுப்பியதைச் சொல்லும்போது உன் குரலில் ஒரு நியாயவான் இருந்தான். அந்த நியாயவானை எனக்கு நன்றாகத் தெரியும், அவன் என்னிடம்தான் வளர்ந்தவன்.

அப்புறம் நீ சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன், கோபத்தில் பேசியதை நீ மறந்திருப்பாய். “எங்கம்மா ஒரு சொட்டு தொட்டிருப்பாங்களா நைனா? அப்டி இருந்தும் அண்ணன் இப்டி பொறந்தான்னா அது விதி. இவ தெரிஞ்சே குடிச்சிட்டு வந்து கீறா. நாளைக்கு முரளி மாதிரி ஒண்ணு பொறந்தா யாரு பாக்கறது?” வேலைக்குப் போனதிலிருந்து சாதாரண நாளில் உனக்கு நான் அப்பா, கோபம் வந்தால்தான் பழைய நைனா. தெரிஞ்சேவாம்! தெரியாமல் குடித்தாள் என்று இரண்டு நிமிடம் முன்னால் நீயே சொன்னாய். அது போகட்டும். நீ பேசிக்கொண்டிருந்தபோது முரளி உள்ளே பழைய காயிலிலிருந்து தாமிரக் கம்பியைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தன் பேர் காதில் விழுந்ததும் தலையைத் தூக்கி உன்னைப் பார்த்துச் சிரித்தான். தம்பி தன்னைப் பற்றித்தான் ஏதோ பேசுகிறான் என்று அவனுக்குச் சந்தோஷம். நீ அதைப் பார்க்கவில்லை.

உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அடுப்பங்கரையிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மறுபடி பற்ற வைத்து உனக்குத் தோசை ஊற்றினாள். நீ நாலு தோசை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாய். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் ஒரு டம்ளர் கஞ்சியோடு சரி. செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடைக்கு வந்தாள். சுற்றிக்கொண்டிருந்த மோட்டாரை நானே நிறுத்தினேன். “எழுது. உனுக்குதான் எழுத வரும். நான் குடிச்சேன்னு எழுது. அந்தப் பொண்ணு தலையில வெச்ச பாரத்த எறக்கி அவன் என் தலையில வெக்கட்டும்” என்றாள். நானும் இருக்கிறேனே அதில் என்றேன். “உன்ன எழுதறதும் எழுதாததும் உன் இஷ்டம். இத்தினி வருசம் உன் இஷ்டமாதான இருந்துச்சி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். முப்பத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் என்னைச் சொன்ன வார்த்தைகளில் மிகப் பெரியது இதுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை.

ஆமாம், உன் அம்மா குடித்தாள். முரளியை வயிற்றில் சுமந்துகொண்டு குடித்தாள். வாங்கிக் கொடுத்தவன் நான்.

கல்யாணமான புதிதில் நாங்கள் திருவிடந்தையில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். நான் ஐஸ் கம்பெனியில் மோட்டார் பார்க்கிற ஆள். அந்த ஐஸ் போய்ச் சேருகிற இறால் கம்பெனியில் உன் அம்மா இறால் உரிக்கிற வேலை செய்தாள். ஈசிஆர் கடலோரத்தில் அப்போது இறால்தான் ராஜா. காலை ஆறு மணிக்கு ஷெட்டுக்குள் போனால் கீழே கணுக்கால் வரை தண்ணீர், மேஜை முழுக்க ஐஸ். இறால் கெட்டுப் போகக் கூடாதே! மனுஷி கெட்டால் பரவாயில்லை. நாலு மணி நேரம் நின்றால் விரல் நுனி வெளுத்துப் போகும், கிள்ளினால் தெரியாது. அங்கே இருந்த பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மத்தியான டீயில் ஒரு மூடி பிராந்தி. பாட்டில் மூடிதான் அளவு. குளிர் இறங்கும், இருமல் வராது, விரலில் உயிர் வரும் என்பார்கள். அந்த ஷெட்டில் அதை யாரும் குடி என்று சொன்னதில்லை. குடி என்றால் ஆம்பளைகள் கடைவாசலில் விழுந்து கிடப்பது, இது மருந்து.

அவள் உண்டானதும் அந்த மூடியை நிறுத்தினாள். இதை நீ குறித்துக்கொள்ள வேண்டும், அவளாகத்தான் நிறுத்தினாள். படிப்பறிவால் அல்ல, ஏதோ மனசு ஒப்பவில்லை. இரண்டு வாரத்தில் சளி பிடித்து நெஞ்சு கட்டிக்கொண்டது, விடிய விடிய இருமினாள். வேலைக்குப் போகாதே என்று சொல்கிற யோக்கியதை எனக்கு இருந்திருக்க வேண்டும். நான் அதற்குப் பதில் ஒரு குவாட்டர் பாட்டில் வாங்கி வந்தேன். வேண்டாம் என்றாள். அப்போது நான் பேசிய நியாயத்தை இன்றைக்கும் சொல் மாறாமல் சொல்வேன். பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்கே இரண்டு ஸ்பூன் பிராந்தி கொடுக்கிறார்களே, உங்கள் வீட்டிலேயே கொடுத்திருக்கிறார்களே, பெற்றவளுக்கு ஆகுமென்றால் சுமக்கிறவளுக்கு ஆகாதா என்று கேட்டேன். பெரிய வக்கீல் மாதிரி கேட்டேன். பத்தாவது வரை படித்தவன், மனு எழுதுகிறவன், நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் நம்பினாள்.

ஒரு மூடி இரண்டு மூடியானது. ஐந்தாம் மாதம் வாக்கில் மூடி போய் டம்ளர் வந்தது. சாயங்காலம் நான் குடிக்கும்போது அவளுக்கும் ஊற்றினேன். லீவு நாளில் மீனை வறுத்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்தே குடித்தோம், சிரித்தோம். அந்த நாட்களில் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம் என்பதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. சண்டை போட்டுக்கொண்டு, அழுதுகொண்டு செய்த பாவமாக இருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். உன் அண்ணன் வயிற்றில் உதைத்தபோது, பாரு, உன் புள்ள தெம்பா கீறான் என்று சொல்லி நான் இன்னொரு மடக்கு ஊற்றியிருக்கிறேன்.

முரளி இரண்டு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்தான். பால் குடிக்கத் தெரியவில்லை, வாயில் வைத்தால் அப்படியே தூங்கிப்போவான். மேலுதடு மெல்லிசாக ஒரு கோடு போல இருந்தது, என் அப்பா ஜாடை என்றார்கள். நடக்க நாளானது, பேச நாளானது. தாயத்து கட்டினோம், மொட்டை போட்டோம், திருப்போரூர் முருகனுக்குக் காவடி எடுத்தேன். முருகனுக்குக் காரணம் தெரிந்திருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை. நீ உண்டாவதற்கு முன்னால் இறால் ஷெட்டை மூடிவிட்டார்கள், ஐஸ் கம்பெனியும் படுத்துவிட்டது. நான் திருப்போரூருக்கு வந்து காயில் கட்டக் கற்றுக்கொண்டு கடை போட்டேன். உன் அம்மா வீட்டில் இருந்தாள். குளிரும் இல்லை, மூடியும் இல்லை. உன்னைச் சுமந்தபோது பிராந்தி வாடைக்கே அவளுக்குக் குமட்டியது. நீ முதல் வகுப்பில் பாஸ் செய்து பெரிய கம்பெனியில் உட்கார்ந்திருப்பதற்கு உன் மூளை காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் உன்னைக் காப்பாற்றியது எங்கள் புத்தி அல்ல, வேலை போனதுதான்.

பள்ளிக்கூடத்தில் முரளியைப் பற்றி எல்லா வாத்தியாரும் ஒரே குறை சொன்னார்கள். நேற்றுத் தெரிந்தது இன்றைக்குத் தெரியவில்லை, வேண்டுமென்றே செய்கிறான். இரண்டாவது குறை, பொய் சொல்கிறான். நடக்காததை நடந்ததாகச் சொல்வான், கண்ணைப் பார்த்துக்கொண்டே சொல்வான். நினைவில் ஓட்டை விழுகிற இடத்தை அவன் மனசு எதையாவது வைத்து அடைத்துக்கொள்கிறது, அவன் நம்மை ஏமாற்றவில்லை என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் சொல்லப்பட்டது. அவனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது கடையிலிருந்த என் கைக்கடிகாரம் காணாமல் போனது. ஸ்கூல் சார் வந்து எடுத்துக்கொண்டு போனார் என்றான். நான் போய் அந்த மனிதரிடம் கேட்டு அவமானப்பட்டுத் திரும்பினேன். பழைய ஃபேன் பெல்ட்டால் அவனை அடித்தேன். எத்தனை அடி என்று எனக்குத் தெரியாது. உனக்கு எட்டு வயது, கதவுக்குப் பக்கத்தில் நின்றாய், உன் டிராயர் நனைந்திருந்தது. மறுநாள் காலையில் முரளி என் மடியில் வந்து உட்கார்ந்து, முதுகைக் காட்டி, “நைனா, இங்க எரியுது, இன்னான்னு பாரு” என்றான். யார் அடித்தது என்பது அவனுக்கு நினைவில் இல்லை. உனக்கு இருந்தது. அதற்குப் பிறகு நீ என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. அந்தக் கடிகாரம் ஒரு மாதம் கழித்து மோட்டார் மூடிக்குள் கிடைத்தது, நானே கழற்றி வைத்திருக்கிறேன்.

அதற்கடுத்த வருடம் செங்கல்பட்டில் ஒரு குழந்தை டாக்டரம்மாவிடம் அவனைக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் அவனுடைய உதட்டை, கண்ணை, தலையின் சுற்றளவை எல்லாம் பார்த்துவிட்டு, பேனாவை மூடிக் கீழே வைத்தார். உன் அம்மாவைப் பார்த்து, இவன் வயிற்றில் இருந்தபோது பிராந்தி, கள், சாராயம் ஏதாவது குடித்ததுண்டா, இருந்தால் சொல்லுங்கள், யாரையும் குறை சொல்வதற்காக இல்லை, இவனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் என்று பதமாகக் கேட்டார். எங்களைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது, ஏழை என்றால் குடிகாரியா என்று சத்தம் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததாகச் சொல்வார்களே, அதை நான் கத்திக்கொண்டே செய்தேன். டாக்டர் என்னைப் பொருட்படுத்தாமல் உன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் முறைத்தேன். “இல்ல டாக்டர்” என்றாள்.

திரும்பி வரும்போது பஸ் கொளவாய் ஏரியைத் தாண்டும் வரை அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் காரணத்தைத் தெரிந்துகொண்டோம். தெரிந்துகொண்டதை இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவே இல்லை. எனக்கு அன்றையிலிருந்து பாட்டிலைத் தொடக் கை வரவில்லை. என் நைனா எப்படிக் குடியை விட்டார் தெரியுமா என்று நீ உன் சிநேகிதர்களிடம் பெருமை பேசியிருக்கிறாய், இப்படித்தான் விட்டேன். அந்த டாக்டரிடம் மறுபடி போகவில்லை. அந்த ஒரு 'இல்லை'யின் விலை பன்னிரண்டு வருடம். அந்தப் பன்னிரண்டு வருடமும் முரளியைத் திமிர் பிடித்தவன் என்றும் சோம்பேறி என்றும் திட்டினோம். சொந்தக்காரர்கள் எங்கள் வம்சத்தில் ஏதோ கோளாறு என்று பேசினார்கள். உனக்குப் பெண் தேடியபோது இரண்டு இடம் அதனாலேயே தட்டிப்போனது. வம்சத்தில் ஒன்றும் இல்லை, எல்லாம் பாட்டிலில் இருந்தது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தீபா வீட்டில் மட்டும்தான் முரளியைப் பார்த்துவிட்டு, பையன் சிரிச்ச முகமா இருக்கான் என்று சொல்லிப் பெண்ணைக் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணைத்தான் நீ அனுப்பிவிட்டாய்.

ஆறு வருடம் முன்பு, நீ கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தபோது, செங்கல்பட்டில் ஒரு சிறப்புப் பள்ளியின் பின்னறையில் பெற்றோர் கூட்டம் நடக்கிறது என்று யாரோ சொல்லி உன் அம்மா போக ஆரம்பித்தாள். இரண்டாம் சனிக்கிழமை தோறும் நடக்கும். முதல் தடவை நானும் துணைக்குப் போனேன். கடலோரக் குப்பத்திலிருந்து வந்த ஒரு பெண் எழுந்து நின்று, தன் மகள் வயிற்றில் இருந்தபோது புருஷனோடு சேர்ந்து தினமும் குடித்ததாகவும், அதனால்தான் மகள் இப்படி என்றும் சொன்னாள். கூட்டம் நடத்துகிற டீச்சர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, தெரிந்துகொண்டீர்கள், இனி அவளுக்கு எது உதவும் என்று பார்ப்போம் என்று சாதாரணமாகச் சொல்லி உட்கார வைத்தார். அப்போது உன் அம்மா எழுந்தாள். “நானும்தான்மா. என் பையனுக்கும் அதான்” என்றாள். பக்கத்து நாற்காலியில் இருந்தவள் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள், நான் பார்த்தேன். நான் என்ன செய்தேன் தெரியுமா? போன் வந்ததுபோலக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். யாரும் கூப்பிடவில்லை. வாசலில் நின்று வராத போனுக்கு ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் அம்மா விடவில்லை, தனியாகவே போய் வந்தாள். நம் வீட்டுச் சுவரில் பல் விளக்குவது, சட்டை போடுவது, பஸ் என்று படங்கள் வரிசையாக ஒட்டியிருக்கின்றனவே, சின்னப் பிள்ளைகள் வீடு மாதிரி இருக்கிறது என்று நீ சொன்னாயே, அதெல்லாம் அங்கே கற்றுக்கொண்டு வந்தது. ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். மறந்தால் மறுபடி சொல்ல வேண்டும், மறந்ததற்குத் தண்டிக்கக் கூடாது. யார் கூப்பிட்டாலும் கூடப் போய்விடுவான் என்பதால் தெருவில் நாலு கடைக்காரர்களிடம் சொல்லி வைக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இருபத்தைந்து வயதில் இதை ஆரம்பித்தே முரளி கம்பி பிரிக்கிற வேலையைச் சுத்தமாகச் செய்கிறான். பதின்மூன்று வயதில் ஆரம்பித்திருந்தால் எவ்வளவு தூரம் வந்திருப்பான் என்று நினைக்கும்போது எனக்குக் கடையில் கை ஓடுவதில்லை. எந்தக் காயில் எரிந்திருக்கிறது என்று வாசலில் வரும்போதே மூக்கால் சொல்கிறவன் நான். என் வீட்டில் எரிந்ததைத் தெரிந்தும் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

உனக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவள் உன் அம்மாதான். நீ அவளை ஒரு உயரத்தில் வைத்திருந்தாய், அங்கிருந்து இறங்க அவளுக்குப் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நீ அந்த உயரத்தில் அவளை நிறுத்தி வைத்துக்கொண்டு, அங்கிருந்தே இன்னொரு பெண்ணின் மேல் கல்லை எறிந்தாய். அதனால்தான் அவளே இறங்கி வந்துவிட்டாள்.

இனி தீபா விஷயத்துக்கு வருகிறேன். நான் டாக்டர் அல்ல, கூட்டத்தில் சொன்னதாக உன் அம்மா சொன்னதை மட்டும் சொல்கிறேன். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது இவ்வளவு குடித்தால் ஒன்றும் ஆகாது என்று யாராலும் அளவு சொல்ல முடியாது, அதனால் ஒரு சொட்டும் வேண்டாம் என்பதுதான் பேச்சு. அதே சமயம், உண்டானது தெரியாமல் ஒன்றிரண்டு தடவை குடித்துவிட்டுப் பிறகு நிறுத்தியவர்களுக்குப் பிள்ளை நல்லபடியாகவே பிறந்திருக்கிறது, அதையே நினைத்து நடுங்கிக்கொண்டிருக்க வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். உறுதி யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள், எந்தப் பிரசவத்துக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. அவள் செய்ய வேண்டியது இரண்டு. இனித் தொடாமல் இருப்பது, டாக்டரிடம் மறைக்காமல் சொல்வது. முதலாவதை அவள் அன்றைக்கே செய்துவிட்டாள். இரண்டாவதற்கு அவள் பக்கத்து நாற்காலியில் நீ உட்கார வேண்டும். டாக்டர் கேட்கும்போது அவள் உன் முகத்தைப் பார்ப்பாள். அந்த நேரத்தில் உன் முகம் எப்படி இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் முகம் எப்படி இருந்தது என்று சொல்லிவிட்டேன்.

அவள் உன்னிடம் தானாகவே வந்து சொன்னாளே, அதன் அருமை உனக்குத் தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பன்னிரண்டு வருடத்தில் செய்யாததை அந்தப் பெண் ஒரு சாயங்காலத்தில் செய்திருக்கிறாள். உண்மையைச் சொன்னவளுக்குப் பெட்டியைக் கையில் கொடுத்தால் அடுத்த தடவை அவள் எதையும் சொல்ல மாட்டாள். இன்னொன்றும் கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. அந்தப் பார்ட்டிக்கு நீயும் போயிருந்தாய் என்று உன் அம்மாவிடம் தீபா போனில் சொல்லியிருக்கிறாள். அவள் கிளாஸில் ஊற்றியது யார்? இதற்குப் பதில் எனக்கு வேண்டாம். கேள்வி உன்னோடேயே இருக்கட்டும், என்னோடு பதினெட்டு வருடம் இருந்ததைப் போல.

பிரசவமானதும் பச்சை உடம்புக்கு என்று யாராவது பிராந்தி கொண்டு வருவார்கள். நம் பக்கத்தில் இன்னும் அந்த வழக்கம் போகவில்லை. வேண்டாம் என்று நீ சொல். ஏன் என்று கேட்டால் என் பேரைச் சொல். முரளி மாதிரி ஒன்று பிறந்தால் யார் பார்ப்பது என்று கேட்டாய் அல்லவா, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா பார்ப்பாள், அவளுக்கு இப்போது எப்படிப் பார்ப்பது என்று தெரியும். நானும் கற்றுக்கொண்டிருக்கிறேன். எங்களுக்குப் பிறகு முரளியை நீ பார்த்தே ஆக வேண்டும் என்று நான் சத்தியம் கேட்க மாட்டேன், கேட்கிற தகுதி எனக்கு இல்லை. அவன் பேரைத் திட்டுகிற வார்த்தையாக மட்டும் இன்னொரு தடவை சொல்லாதே, அவன் உன் வாயில் தன் பேரைக் கேட்டால் சிரிக்கிறான்.

இந்தக் கடிதத்தை நான் ஒளித்து எழுதவில்லை. வருகிற இரண்டாம் சனிக்கிழமை கூட்டத்துக்கு நானும் போகிறேன், எழுந்து நின்று இதைப் படிக்கப் போகிறேன். அவள் குடித்தாள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும், ஊற்றியவன் யார் என்று யாருக்கும் தெரியாது. டீச்சர் கேட்டால் மற்ற வீட்டுக்காரர்களுக்குக் கொடுக்க ஒரு நகலும் தருவேன். அடுத்த தடவை முரளியின் படிவத்தில் 'பிறவி' என்று எழுத மாட்டேன்.

இன்றைக்குக் காலையில் உன் அம்மா முரளியைக் கூட்டிக்கொண்டு படாளத்துக்குக் கிளம்பிவிட்டாள். செங்கல்பட்டு போய் அங்கே பஸ் மாறிப் போகிறார்கள். தீபாவிடம் எல்லாவற்றையும் தானே சொல்லப் போகிறாளாம். அந்தப் பெண் பயத்தில் தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது, பக்கத்தில் அதே தப்பைப் பெரிதாகச் செய்த ஒருத்தி இருந்தால் தெம்பாக இருக்கும் என்றாள். நான் கடையைப் பூட்டிவிட்டு, இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிட்டு, அடுத்த பஸ்ஸில் போகிறேன். தீபாவைத் திட்ட வேண்டுமென்று உனக்கு இன்னும் தோன்றினால் தாராளமாக வந்து திட்டு. ஆனால் அந்த வீட்டில் தீபா, உன் அம்மா, நான் என்று மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருப்போம், மூன்று பேரையும் சேர்த்துத்தான் திட்ட முடியும்.

முரளிக்காக உன் அம்மா ஒரு அட்டையில் பஸ், வீடு, தீபா என்று மூன்று படம் ஒட்டிக் கொடுத்திருக்கிறாள், அதைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறான். தெருமுனை போவதற்குள் நாலு தடவை, “தம்பி வரானா?” என்று கேட்டுவிட்டான். நாலு தடவையும் அவள் வருவான் என்றாள். செங்கல்பட்டு போவதற்குள் இன்னும் இருபது தடவை கேட்பான், பதில் அவனுக்கு நிற்காது. அவளும் சலிக்காமல் வருவான், வருவான் என்று சொல்லிக்கொண்டே போவாள். பிள்ளைகள் விஷயத்தில் உன் அம்மா இதுவரை சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான், அதையும் அவளைச் சொல்ல வைத்தவன் நான். இரண்டாவது பொய்யை நீ சொல்ல வைக்காதே.

நைனா